அவள் நாவலில் எங்கள் கொல்லை

ஜூலை 19, சனி

காற்று. ஆடிக் காற்றென்றால் இதுதான் காற்று. கொடியில் போட்ட துண்டு பக்கத்து வீட்டு முருங்கையில். மாடி போர்ஷனுக்குக் கட்டியிருந்த டு-லெட் அட்டை நடுத்தெருவில். மறுபடி கட்ட வேண்டும். கயிறு வாங்க. கேஸ் புக் பண்ண.

கூரியரில் நி.யின் நாவல் வந்தது. தலைப்பை இங்கே எழுத மாட்டேன். வாட்ஸ்அப்பில் அதன் அட்டைப்படம்தான் சுற்றுகிறது, என் டைரியிலாவது அது இல்லாமல் இருக்கட்டும். முதல் பக்கத்தில் ‘அன்பு அகிலாவுக்கு, நிர்மலா.’ கையெழுத்து அன்றைக்கு இருந்த மாதிரியே முத்து முத்தாக. அதுவும் பிடிக்கவில்லை.

மூன்றே வருஷம் எங்கள் மாடியில் குடியிருந்தவள். பிளஸ் ஒன்னில் வந்தாள், என் வகுப்பு, என் பெஞ்ச். அவள் அப்பாவுக்குத் துவாக்குடிப் பக்கம் ஏதோ கம்பெனி. அது மூடியதும் நாக்பூர் போனார்கள். இப்போது புனே. புனேயில் உட்கார்ந்துகொண்டு ஸ்ரீரங்கத்தைப் பற்றி நாவல் எழுதுகிறாள். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கல்யாணத்துக்குப் பிறகும் இதே வடக்கு அடையவளஞ்சான் வீதி வீட்டில் இருக்கிறேன். எழுதப் போவதாக இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

சாயங்காலம் டாக்டர் சாரிடமிருந்து போன். தில்லை நகரில் பல் கிளினிக் நடத்துகிறார், மேல் ஹாலில்தான் எங்கள் வாசகர் வட்டம் கூடும். “ஆகஸ்ட் ரெண்டாம் தேதி சனிக்கிழமை அவங்க நாவல்தான். அவங்களே வராங்க. கதையைப் பத்தி ஒருத்தர், நடையைப் பத்தி ஒருத்தர். களம் பத்தி நீங்க பேசிடுங்க. நீங்கதானே ஸ்ரீரங்கம்!”

நீங்கதானே ஸ்ரீரங்கமாம். சரி என்றேன். மனசுக்குள் பென்சில் சீவ ஆரம்பித்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். பூரி. இவர் கிரிக்கெட்.

படித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே தூக்கிவாரிப் போட்டது. துவைக்கிற கல். ஒரு மூலை உடைந்த கல். பக்கத்தில் பவழமல்லி. கிணற்றுக்கு மேல் தகர மூடி, அதன் மேல் காய்கிற புளி. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு இல்லை, என் வீடு! எங்கள் கொல்லை!

அம்மா இருக்கிறாள். அப்பா இருக்கிறார். அத்தைகூட இருக்கிறாள். நான் இல்லை. என் இடத்தில் செல்வி என்று ஒரு பெண். இந்த வீட்டின் ஒரே மகள், ரெட்டைப் பின்னல், துடுக்கு. என்னைத் துடைத்து எறிந்துவிட்டு அவளை உட்கார வைத்திருக்கிறாள்.

அந்த வீட்டை எழுத இருந்தது நான். எனக்குத்தான் அது. இனி நான் எழுதினால் என்ன சொல்வார்கள்? “நிர்மலா நாவல்ல வர்ற மாதிரியே இருக்குங்க.” செத்தேன்.

அம்மாவிடம் காட்டினேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “என்னைப் பத்தி நல்லபடியா எழுதியிருக்காளா?” என்கிறாள். துணி துவைக்கும்போது பாடுகிறாளாம் நாவல் அம்மா.

“நீ என்னிக்கும்மா பாடினே?”

“பாடுவேன்டி. விடியக்காலையில. நீ அப்ப தூங்கிட்டிருப்பே.”

பெற்ற தாய் பாடுவாள் என்பதை மாடிக் குடித்தனக்காரி எழுதித் தெரிந்துகொள்கிறேன். வயிறு எரிகிறது. மோர் குடித்தேன். அடங்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

மேகம். மழை இல்லை. மாடியைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். சமையலறை சின்னது என்று போய்விட்டார்கள்.

ஆபீஸ் முடிந்து, புத்தகத்தோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் ஏறினேன். ஆறாம் அத்தியாயத்தில் செல்வி பஸ்ஸில் வருகிறாள். எங்காவது தப்பு விட்டிருப்பாள், பிடித்துவிடலாம் என்று வரி வரியாக விரல் வைத்துக்கொண்டு வந்தேன். காவிரிப் பாலம். சரி. பாலத்தில் ஏறியதும் இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள் ஜன்னலைத் திறப்பது. சரி. மாம்பழச் சாலை திருப்பத்தில் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் சாய்வது. சரி, சாய்ந்தோம். அம்மா மண்டபம், அப்புறம் ராஜகோபுரம். எல்லாம் சரி.

பக்கத்து ஸீட் அம்மாள், மடியில் சமயபுரம் பிரசாதப் பை: “என்னம்மா, பரிச்சைக்குப் படிக்கிறீங்களா இந்த வயசுல?”

“ஆமாங்க.”

“பாஸாயிடுவீங்க. ஆத்தா இருக்கா.”

எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்தார்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் திதி கொடுக்க அம்மா மண்டபம். இவர்தான் மாப்பிள்ளையாக லட்சணமாக உட்கார்ந்தார். கூட்டம், சேறு, எள், வாழையிலைத் துண்டு. காவிரி இரு கரையும் தொட்டு ஓடுகிறது. கடைசிப் படிகளில் இறங்கவிடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். போலீஸ் விசில் ஓயவேயில்லை.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பொட்டென்று பிடிபட்டது. மாட்டிக்கொண்டாள்!

பதினொன்றாம் அத்தியாயம். ஆடிப்பெருக்கு. குடும்பமே புதுக் காரில் அம்மா மண்டபம் போகிறது. நாவலில் எல்லாரும் பேசுவது அந்த அத்தியாயத்தைத்தான். காவிரி பொங்கி வருகிறது, செல்வி மூழ்கி எழுகிறாள், அம்மா அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டுகிறாள், காப்பரிசி வாயில் போடுகிறாள். நான்கு பக்கம் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.

ஆனால் அந்தப் ‘புதுக் கார்’ எங்கள் பழைய அம்பாசிடர்தான். அப்பா அதை வைத்திருந்தது ஒரே ஒரு ஆடிக்குத்தான். அடுத்த பொங்கலுக்குள் விற்றாகிவிட்டது. அந்த ஆடியில் காவிரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெறும் மணல். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். படித்துறையில் குழாய் போட்டிருந்தார்கள், அதில் வரிசையில் நின்று தலையை நனைத்துக்கொண்டோம். மணலில் சின்னதாகக் குழி தோண்டி, குடத்துத் தண்ணீரை ஊற்றி, அதற்குக் கற்பூரம் காட்டினாள் அம்மா.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. “அப்பா திதியன்னிக்கு என்ன சிரிப்பு?” என்றார் இவர். நல்ல பசி. வடை ஐந்து.

ஜூலை 27, ஞாயிறு

மறுபடி காற்று. அம்மன் கோயில் ஸ்பீக்கர் காலையிலிருந்து. துணி ஊறப் போட்டேன், மறந்துபோனேன்.

பேச்சுக்கான குறிப்பு. இன்னொரு முறை முழுதும் படித்தேன், களத்தை மட்டும் பார்த்து.

வாசலே இல்லை. முழு நாவலிலும் வீட்டு வாசல் ஓரிடத்திலும் வரவில்லை. ஸ்ரீரங்கத்துக் கதையில் வாசலும் கோலமும் இல்லை, எல்லாம் கொல்லையிலேயே நடக்கிறது. உலகத்தில் யார் இப்படி எழுதுவார்கள்?

கொல்லைக் கதவு வரை எல்லாரும் வருகிறார்கள். உள்ளே போனால் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. கூடம் என்ன நிறம், ஊஞ்சல் உண்டா, சாமி படம் எந்தச் சுவரில், மூச்.

சமையல் வாசனை வருகிறது. ரசம் கொதிக்கிறது, வெங்காயம் வதங்குகிறது, மோர்மிளகாய் பொரிகிறது. ஆனால் செல்வி ஓரிடத்திலாவது உட்கார்ந்து சாப்பிடுகிறாளா? இல்லை! ருசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்பாவுக்கு உச்சந்தலையில் வட்டமாக வழுக்கையாம். அபாண்டம். அப்பா ஆறடி, தலை நிறைய முடி.

காவிரி. இது கடைசியில்.

அம்மாவிடம் வழுக்கையைச் சொன்னேன். “இருந்துதுடி, உச்சியில, சின்னதா. எண்ணெய் தேய்ச்சு விடறப்ப பாப்பேன். அண்ணாந்து பாத்தா உனக்கு எப்படித் தெரியும்?” வழுக்கையை அடித்துவிட்டேன். மற்றவை நிற்கும்.

இவர் எட்டிப் பார்த்தார். “நீ நாவல் படிக்கிறியா, ஆடிட் பண்றியா?”

“ரெண்டும்தான்.”

“பாவம்டி அந்தப் பொண்ணு.”

பாவமாம். இவர்கூட அவள் பக்கம்தான்.

துணி நாறிவிட்டது. மறுபடி அலச வேண்டியிருந்தது.

ஜூலை 30, புதன்

ஆபீஸில் சிஸ்டம் வேலை செய்யவில்லை. வெண்டைக்காய் முற்றல்.

நி. போன் பண்ணினாள். இத்தனை வருஷத்துக்கப்புறமும் குரல் மாறவில்லை. “எந்த டாபிக்டி உனக்கு?” என்றாள். களம் என்றேன். “ஐயையோ. மத்தவங்க என்ன சொன்னாலும் பரவாயில்லை. நீ என்ன சொல்லப் போறியோன்னுதான் பயமா இருக்கு.”

எனக்குள்ளே ஒரு குளுகுளுப்பு. இருக்கட்டும், நன்றாகப் பயப்படட்டும்.

தில்லை நகரில் லாட்ஜ் போட்டிருக்கிறாளாம். “மாடியில யாருடி இருக்காங்க இப்போ?” என்றாள். காலி என்றேன். இங்கே வந்து தங்கு என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. குக்கர் விசில் அடித்தது, வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

இந்தப் பக்கத்தை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். நாவல் நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது. அந்தத் துவைக்கிற கல் பத்தியை நான் எழுதியிருக்கக் கூடாதா? அதில்தான் உட்கார்ந்து வளர்ந்தேன். எனக்கு அது கல். அவளுக்கு மட்டும் எப்படி அது அப்படித் தெரிந்தது?

ஆகஸ்ட் 2, சனி

வெக்கை. பச்சைக் கலர் காட்டன் புடவை கட்டினேன், அழுத்தமாக இருக்கட்டும் என்று.

ஹால் நிறைய ஆள். பிளாஸ்டிக் நாற்காலி போதவில்லை, கீழே கிளினிக்கில் பல் காட்ட வந்தவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சையும் தூக்கி வந்துவிட்டார்கள். நி. முன்வரிசை. நரைத்திருக்கிறாள். குண்டாகியிருக்கிறாள். அதில் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். ஆனால் சிரித்தால் பழைய நி.தான். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். தேங்காயெண்ணெய் வாசனை.

மற்ற இருவரும் ஆஹா ஓஹோ. என் முறை. வாசல் இல்லாததைச் சொன்னேன். ஹாலில் சலசலப்பு, “அட ஆமாங்க” என்றது ஒரு குரல். உள் அறைகள் இல்லாததைச் சொன்னேன். சாப்பாடு இல்லாததைச் சொன்னேன். எனக்கே என் குரல் நன்றாக இருந்தது. டாக்டர் சார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நி. தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் காவிரி. “இந்த நாவல்ல எல்லாரும் கொண்டாடற அத்தியாயம் அது. ஆனா அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்குக் காவேரியில தண்ணியே இல்லைங்க. வெறும் மணல். குழாயடியில தலையை நனைச்சுக்கிட்டு வந்தோம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அந்தக் காரு எங்க காரு.” சிரிப்பு எழுந்தது. நான் காகிதத்தை மடித்தேன்.

நி. எழுந்தாள். மைக் வாங்கவில்லை.

“தண்ணி இல்லையா அகிலா?”

நிஜமாகக் கேட்டாள். சண்டைக்கு அல்ல, தெரிந்துகொள்ள.

“இல்லைடி” என்றேன், சபையை மறந்து.

“எனக்கு எப்படித் தெரியும்? நான் வரலையே. கார்ல இடமில்லேன்னுட்டாங்க, ஒன்பது பேரு ஏறியிருந்தீங்க. நான் மாடியில எங்க சமையலறை ஜன்னல்ல நின்னுக்கிட்டே இருந்தேன். மத்தியானம் கொல்லை வழியா வந்து இறங்கினீங்க. எல்லாருக்கும் தலை ஈரம். மாமிக்கு, உங்க அத்தைக்கு, உனக்கு. துவைக்கற கல்லுல உக்காந்து தலையை உதறினே. நான் என்ன நெனப்பேன், சொல்லு? காவேரி நெறைய தண்ணி போகுது, நம்மளைத்தான் கூட்டிட்டுப் போகலேன்னு நெனச்சேன்.”

அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். “இவ சொன்னது எல்லாம் சரிங்க. வாசலை நான் எழுதலை. மாடிக்குப் பக்கவாட்டுல தனிப் படிக்கட்டு, அவங்க வாசல்ல எனக்கு வேலையே இல்லை. உள்ள ஒண்ணு ரெண்டு தடவை போயிருப்பேன், வாடகை கொடுக்க. எனக்கு இருந்தது அந்த ஒரு ஜன்னல்தான். அதுல என்ன தெரிஞ்சுதோ, என்ன வாசனை வந்துதோ, அதுதான் நாவல்.” என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அந்த வீட்டுப் பொண்ணு மேல எனக்கு அப்படி ஒரு பொறாமை. அவளை எழுப்பி விட்டுட்டு நான் போய் உக்காந்துக்கிட்டேன். அவ்வளவுதான்.”

கைதட்டினார்கள். தப்பைக் கண்டுபிடித்தது நான், கைதட்டல் அவளுக்கு. களத்தைப் பற்றி நான் பேசிய பேச்சை ஒரே நிமிஷத்தில் அவள் பேச்சாக்கிவிட்டாள். உச்சந்தலை வழுக்கை எப்படித் தெரிந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு முறை படித்தேனே, களத்தை மட்டும் பார்த்துப் படித்தேனே, எல்லாமே மேலிருந்து தெரிகிறது என்பது மட்டும் கண்ணில் படவில்லை. பொறாமையில்கூட அவள்தான் எனக்கு மூத்தவள். நான் பொறாமைப்பட ஆரம்பித்து ஒரு மாசம்கூட ஆகவில்லை.

சமோசா, டீ. அவளைச் சுற்றிக் கூட்டம். நான் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். “மஞ்சக்கயிறு கொடுத்தனுப்பினேனே அன்னிக்கு” என்றாள். பிறகு, “போன் போட்டுக் கொடு” என்றாள். போட்டுக் கொடுத்தேன்.

“நிர்மலாவா? நாளைக்குப் பதினெட்டாம் பெருக்கு. விடிஞ்சதும் வந்துடு, போலாம். காரெல்லாம் இல்லை, ஆட்டோதான். இடம் இருக்கு.”

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மேகமூட்டம், காற்று.

ஆறு மணிக்கே வந்துவிட்டாள், பையில் மாற்றுப் புடவையோடு. முதல் தடவையாக எங்கள் வாசல் வழியாக. கூடத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “நீலக் கலரா? நான் மஞ்சள்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றாள். எழுதாமல் விட்டதால் அந்த மட்டும் பிழைத்தாள்.

எலுமிச்சம் சாதம், தேங்காய் சாதம், காப்பரிசி, காதோலை கருகமணி, எல்லாம் அம்மா கட்டி வைத்திருந்தாள். இவர் வரவில்லை, தோசைக்கு மாவு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. காவிரி! நாவலில் இருக்கிறதே, அதே காவிரி. செம்மண் நிறம், சுழி, மிதந்து போகிற பூ, நுரை, அந்த இரைச்சல். பதினொன்றாம் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் ஒரு வரி பிசகாது. எனக்கு மணல் காட்டின ஆறு, இவள் வந்தால் இவள் எழுதினபடியே ஓடுகிறது.

கரையோரமாக மூழ்கி எழுந்தாள். அழுதாளோ, தண்ணீரோ, தெரியவில்லை. அம்மா அவளுக்குத்தான் முதலில் கயிறு கட்டினாள். அப்புறம்தான் எனக்கு. காப்பரிசியும் அவளுக்கு ஒரு பிடி அதிகம். கவனித்தேன்.

திரும்பி வந்து கொல்லை வழியாக நுழைந்தோம். நி. நேராகப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். அம்மா தட்டில் சாதம் போட்டுக் கொண்டுவந்தாள். இவர் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டே, “வாங்க வாங்க, நாவல்ல நான் உண்டா?” என்றார். ஒரே சிரிப்பு.

நான் சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். வெள்ளையடிக்க, குழாய் பார்க்க, வாடகைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். அந்த ஜன்னலில் நின்றதில்லை. சின்னச் சமையலறை. மேடைக்கு மேலே ஜன்னல். கொக்கி துருவேறியிருந்தது, தட்டித் திறந்தேன்.

முழுக் கொல்லையும் தெரிந்தது. பவழமல்லியின் மேற்பக்கம். தகர மூடி. அம்மாவின் வகிடு, இவ்வளவு அகலமாகிவிட்டதா? இவருக்கும் உச்சியில் வட்டம் விழ ஆரம்பித்திருக்கிறது. எலுமிச்சம் சாத வாசனை மேலே வந்தது. அம்மா ஏதோ சொல்ல, இவர் வாயில் நுரையோடு சிரிக்க, கல்லில் ஒருத்தி கூந்தலை விரித்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் இருக்கிறவர்கள் எவ்வளவு கொடுத்து வைத்தவர்கள் என்று தோன்றிவிட்டது. என் வீடு. என் அம்மா. வயிறு அப்படி எரிந்தது.

நி. அண்ணாந்து பார்த்தாள். கையில் சாதம்.

“அங்கேருந்து என்னடி தெரியுது?”

“உன் தலை இன்னும் காயலை” என்றேன்.